மூவாயிரம் கெல்வின் மஞ்சள்

மாலை நாலு மணிக்கே அட்டோக் மலைச்சாலையில் மூடுபனி இறங்கி, வண்டி விளக்குகள் விற்கும் மெர்லிண்டாவின் கடை வாசல்வரை வந்து நிற்கிறது. முட்டைக்கோஸ் லாரி ஓட்டும் புக்னாய், போன மாதம்தான் அவளிடம் பொருத்திய மூவாயிரம் கெல்வின் மஞ்சள் ஃபாக் லைட்டுகளைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கிறான். வெள்ளை வேண்டுமாம். அவள் பழைய பேட்டரியில் ஒயரைத் தொட்டு, ஆறாயிரம் கெல்வின் வெள்ளை விளக்கை வாசலுக்கு நேராகப் பிடிக்கிறாள். பனி, சுண்ணாம்பு அடித்த சுவராக எழும்புகிறது. அதற்கப்பால் சாலையே இல்லை. "பாத்தியா? இதப் போட்டு ஓட்டுனா பள்ளத்துல போயிதான் கோஸ் விக்கணும்." "இதுவே போதும்க்கா." "மஞ்சளுக்கு என்ன கொறச்சல்?" "நல்லாத் தெரியுதுக்கா. அதான்." அவன் கைகளைக் கம்பளிச் சட்டைக்குள் இழுத்துக்கொள்கிறான். "பஸ் கவுந்த வளைவுல, செத்தவங்க பின்னாடி வராம இருக்க எல்லாரும் ஊத்துற மாதிரி நானும் ஜின் ஊத்திட்டுத்தான் வரேன். அப்பவும் அவங்க வரிசையா நின்னு கைகாட்டுறாங்க, ஏத்திக்கச் சொல்லி." மெர்லிண்டாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. "ஏத்திக்க வேண்டியதுதானே, டிக்கெட் காசாவது கெடைக்கும்!" அவன் சிரிக்கவில்லை. "இன்னிக்கு லாரிய நிறுத்திட்டேன்க்கா." அவள் சிரித்தபடியே ஒயரை மஞ்சள் விளக்குக்கு மாற்றுகிறாள். பனி விலகுகிறது. ஈரத் தார், தடுப்புக் கம்பி, எதிரே நிற்கும் அவனுடைய காலி லாரி என்று ஒவ்வொன்றாகத் துலங்குகின்றன. புக்னாய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவள் லாரியின் பின்தட்டையே, ஆள் எண்ணுவதுபோல், பார்த்துக்கொண்டிருக்கிறாள். சிரிப்பு உதட்டிலேயே காய்கிறது. மெல்ல ஒயரைப் பிரிக்கிறாள். மேசைக்கடியிலிருந்து ஜின் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, தன் கடை வாசற்படியில் ஊற்றுகிறாள்.