பெரிய டாக்டரின் நாற்காலி

"பாருங்க, அவ கட்டிலச் சுத்தி மட்டும் அஞ்சு பேரு! எனக்கு ஒரே ஒரு நர்ஸ் மிஸ்ஸி. அதுவும் திட்டுறதுக்கு."

பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கட்டும் என்றுதான் முத்தாயி சத்தமாகச் சொன்னாள். காலையில் ரப்பர் மரங்களின் பட்டையை வெட்டி, வடிந்த பாலைக் கொட்டிவிட்டு, தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த அவள் கணவன் அமிர்தலிங்கம், ரொட்டிப் பொட்டலத்தை மேசையில் வைத்தான்.

"மெதுவா பேசு."

"ஏன் மெதுவா பேசணும்?"

முத்தாயிக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். சிரம்பான் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, கரண்டு வைக்க, அதாவது கதிர் சிகிச்சைக்கு, வேனில் கோலாலம்பூருக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார்கள். பக்கத்துக் கட்டில் பெட்ரிசியாவுக்கும் அதே நோய். செனாவாங் பேக்டரியில் வேலை செய்தவள். அவளிடம் மட்டும் பெரிய டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுகிறார். கூடவே கரண்டு டாக்டர், மிஸ்ஸி, சாப்பாட்டு விவரம் சொல்கிற அம்மா, வீட்டு நிலவரம் விசாரிக்கிற மைக்கல்ராஜ்.

"வீட்டுக்குப் போறியா, இங்கயே இருக்கியா, உனக்கு எது விருப்பம்னு அவளக் கேக்குறாங்க. வீடு தேடி மிஸ்ஸி வருமாம்! நான் மாரியம்மன் திருவிழாவுக்கு ரெண்டு நாளு லீவு கேட்டேன். கரண்டு முடியாம வாசப்படி தாண்டக்கூடாதுன்னு மிஸ்ஸி கத்துது. கருவாடு கேட்டா அதுக்கும் கத்துது."

"தோட்டத்துல நம்மள மேய்க்கிற மண்டோர்கிட்ட வாங்காத திட்டா?" அமிர்தலிங்கம் சிரித்தான்.

"பட்டையில காயம் பட்டா மண்டோரு ஆத்தா அப்பனெல்லாம் இழுப்பாரு, சரி. ஆனா பழைய மரக் காட்டுல ஒரு வார்த்தை பேசலையே. 'உன் இஷ்டத்துக்கு வெட்டு முத்தாயி'ன்னாரு. அந்த மாதிரி இங்க ஒருத்தர் வாயிலருந்து வருதா?"

மறுநாள் பெட்ரிசியாவை அழைத்துப்போக அவள் அண்ணன் கார் கொண்டுவந்தான். போகிறவள் முத்தாயியின் கட்டிலருகே நின்றாள்.

"அக்கா, மிஸ்ஸி உங்கள இன்னும் திட்டுதா?"

"ஏன், உனக்குச் சந்தோஷமா?"

"குடுத்து வச்சவங்க லா நீங்க."

"கொழுப்பப் பாரு," என்று முணுமுணுத்து முத்தாயி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து அமிர்தலிங்கம் வந்திருந்தபோது, பெரிய டாக்டர் முத்தாயியின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பின்னால் மற்ற நால்வரும் நின்றார்கள். முத்தாயி கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். பெட்ரிசியாவின் கட்டிலுக்குப் புதிதாக வந்தவள் பார்க்கிறாளா என்று கவனித்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

டாக்டர் மலாயில் சொல்லச் சொல்ல, மைக்கல்ராஜ் தமிழில் சொன்னான்.

"ஐயாவையும் வச்சுக்கிட்டுப் பேசலாம்னு வந்தோம்மா. இனிமே கோலாலம்பூருக்குப் போக வேணாம். வலி தெரியாம இருக்க மருந்து தர்றோம். வீடா, இங்கயா, உங்களுக்கு எது விருப்பம்?"

"திருவிழாவுக்குப் போலாமா?"

"தாராளமா போங்கம்மா."

"கருவாடு?"

"உங்க இஷ்டம்மா."

முத்தாயிக்கு முகமெல்லாம் பூரித்துப்போனது.

"பாத்தீங்களா, எனக்கும் அஞ்சு பேரு!"

அமிர்தலிங்கம் தலை நிமிரவில்லை. முத்தாயி மிஸ்ஸியைப் பார்த்தாள்.

"என்ன மிஸ்ஸி, கருவாடு திங்கப்போறேங்கிறேன். திட்டலையா?"

மிஸ்ஸி குனிந்து தலையணையைச் சரிசெய்தாள்.

முத்தாயியின் சிரிப்பு மெல்ல அடங்கியது. கணவனின் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, பழைய காட்டுல மண்டோரு நம்மளத் திட்டாம விட்டது, அடுத்த மாசம் அந்த மரத்தையெல்லாம் சாய்க்கப் போறாங்கன்னுதானே?"