செவலையின் நாடி

“கோவிச்சுக்காதீங்க அண்ணே. நீங்க கிட்ட வந்தாலே செவலைக்கு நாடி எகிறுது.”

தம்பி குதிரையைத் துடைத்தபடி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனாலும் பக்கத்துத் தடுப்பில் குதிரையைக் குளிர்வித்துக்கொண்டிருந்தவர்கள் வாளியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன் தம் மணிக்கட்டைப் பார்த்தார். கருவி நூற்றுப் பன்னிரண்டு என்றது.

நெடுந்தூரக் குதிரைப் பந்தயத்தில் ஓடி முடித்தால் மட்டும் போதாது. வந்து சேர்ந்த இருபது நிமிடத்துக்குள் குதிரையின் நாடித்துடிப்பு அறுபத்துநான்குக்கு இறங்கிவிட வேண்டும். இல்லையென்றால் விடிந்ததிலிருந்து ஓடிய ஓட்டமெல்லாம் வீண். சேணத்தின் வயிற்று வாருக்கு அடியில் கட்டும் நாடிப் பட்டை துடிப்பை உணர்ந்து மணிக்கட்டுக் கருவிக்கு அனுப்பும். செவலையை ஓட்டி வந்து இறங்கியதும் மகள் கருவியைத் தன் கையிலிருந்து கழற்றி அவரிடம் கொடுத்திருந்தாள்.

“சும்மா உளறாதே” என்றபடி அவர் பின்னால் நகர்ந்தார். தொண்ணூற்றாறு. இன்னும் நகர்ந்தார். எண்பத்துநான்கு.

திரும்பி வந்தார். நூற்றொன்பது.

“சாட்டை தொடாத மகான்னு பேரு. வீட்டுக்குள்ள என்ன பண்றாரோ, யாரு கண்டா?” என்றது பக்கத்துத் தடுப்பு.

அண்ணன் தம்பியிடம் திரும்பினார்.

“வாயில்லா ஜீவன்டா அது. அதுகிட்ட நான் குரலை உயர்த்தினதுகூட இல்லை.”

“எனக்குத் தெரியாதா அண்ணே? ஆனா மெஷினுக்கு உங்க மேல என்ன பகை?”

கடிவாளத்தைப் பிடித்து நின்ற மகள் மெல்ல வாய் திறந்தாள். “அப்பா, அது வந்து...”

“உன்னை யாரு கேட்டா? கடைசி மேட்டுல அப்படி விரட்டிக்கிட்டு வந்தா நாடி எங்கேர்ந்து இறங்கும்? மண்டைக்குள்ள ஏதாவது இருக்கா? பிடிக்கிறதையாவது ஒழுங்காப் பிடி!”

அவள் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தாள். கருவி நூற்றிருபதைத் தொட்டது.

“சத்தம் போடாதீங்க அண்ணே, செவலை மிரளுது!”

அவர் பதறிப்போனார். குதிரையின் கழுத்தை நீவிவிட்டு, “மன்னிச்சுக்க கண்ணு, தெரியாமக் கத்திட்டேன்” என்றார். செவலையோ அவருடைய சட்டைப் பையில் வெல்லம் இருக்கிறதா என்று சாவகாசமாக முகர்ந்து பார்த்தது.

“கொஞ்ச நேரம் கண்ணுல படாம இருங்க அண்ணே. நாங்க பாத்துக்கறோம்.”

தண்ணீர் லாரிக்குப் பின்னால் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தபோது எண் இறங்கியது. எண்பது. எழுபத்தெட்டு. அதற்குக் கீழே அசையவில்லை. தாம் இருக்கும் திக்கே அந்த ஜீவனுக்கு ஆகவில்லையோ?

தம்பி தேடி வந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“வேற யாருக்காவது குடுத்துடலாம்டா. நல்ல மனுஷனாப் பாத்துக் குடு. பயந்துகிட்டே ஒரு உசிரு எங்கிட்ட இருக்க வேணாம்.”

“அதை அப்புறம் பேசலாம். நேரம் முடியப்போகுது, டாக்டரம்மா கூப்பிடறாங்க.”

மருத்துவர் செவலையின் முன்னங்காலுக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். அண்ணனும் தம்பியும் எட்ட நின்று அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“நாற்பத்தெட்டு. பிரமாதம்! இன்னொரு சுற்றுகூட ஓடும் போலிருக்கே.”

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஓடி வந்து மணிக்கட்டை நீட்டினார்.

“இது நூத்துப் பதினெட்டுங்குதே டாக்டரம்மா?”

மருத்துவர் வயிற்று வாருக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார்.

“இங்க பட்டையே இல்லையே சார்.”

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

“ஆத்தைக் கடக்கும்போது கழண்டுடுச்சுப்பா. தொலைச்சுட்டா திட்டுவீங்கன்னு... ரெண்டு சுத்தா சுத்தி, சட்டைக்குள்ள நான் கட்டிக்கிட்டேன்.”

தம்பி, காலியான வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

“ஒண்ணுமில்லம்மா...” என்றபடி, செவலையை நீவிய அதே கையை அவர் மகளின் தோளை நோக்கி நீட்டினார்.

எண் இன்னும் ஏறியது.