விளக்கு அணையும் காட்சி

மால்மோ துறைமுகத்தில் நவம்பர் மாத வெளிச்சம் மூன்று மணிக்கே வடிந்துகொண்டிருக்கிறது. காபி மேசையில் ஏலக்காய் ரொட்டியின் மேல் சர்க்கரை மணிகள் மினுங்குகின்றன. இல்வா ஆறு வருடம் கண் கெட உட்கார்ந்து உருவாக்கிய வீடியோ கேமைப் படமாக்க வந்திருக்கும் டோர்க்கெல், ஒப்பந்தத்தை மெல்ல அவள் பக்கம் நகர்த்துகிறார். அவளோ அவருடைய கட்டைவிரலையே பார்க்கிறாள். அந்த கேமை ஆடி முடித்தவர்களுக்கு அங்கே தோல் காய்த்துப் போயிருக்கும். இவருக்கு வெண்ணெய் மாதிரி இருக்கிறது.

"நிஜமாவே முழுசா ஆடினீங்களா?"

"என்ன இல்வா, போலீஸ்காரி மாதிரி கேக்கறீங்க! கடைசியில விளக்கு அணையுது, பனி கொட்டுது, கிழவன் படகுலயே உறைஞ்சு போறான். அழுதுட்டேங்க. படத்தையும் அங்கதான் முடிக்கணும்."

ரொட்டியைப் பிய்க்கும் அவள் கை அப்படியே நிற்கிறது. கலங்கரை விளக்குக்கு நேரத்தில் எண்ணெய் ஊற்றாமல் தோற்றவர்களுக்கு வரும் காட்சி அது. ஒரே மதியத்தில் ஒப்பேற்றியது. அதைத் தாண்டினால் இன்னும் பதினான்கு மணி நேர ஆட்டம் இருக்கிறது. கிழவன் பிழைத்துக் கரையேறுவான்.

"மறுபடி ஆடச் சொல்லிப் பட்டன் வந்திருக்குமே?"

"வந்துச்சு. அதுக்கு மேல அவனைப் படுத்த மனசு வரல, கேமையே அணைச்சுட்டேன்."

பொய்யோ என்று நிமிர்ந்து அவர் முகத்தைத் துழாவுகிறாள். கண்ணோரம் ஈரம் இருக்கிறது. நடிப்பாகத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாரந்தூக்கிகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குகின்றன. கிழவன் கரையேறுவதைப் பார்த்து அழுததாக, இத்தனை வருடத்தில், அவளிடம் ஒருவர்கூடச் சொன்னதில்லை.