திரும்பிய நேரம்

“ஆறு நாளா தேடியாச்சு. அந்த ஆளு இனிமே உசுரோட இருக்க வாய்ப்பில்லை. நீங்க வீட்டுக்குப் போங்கம்மா” என்றார் வனத்துறை ரேஞ்சர்.

அவள் கேட்பதாக இல்லை. இறந்துபோன கணவரின் பூட்ஸுக்குள் துணியைத் திணித்து மாட்டிக்கொண்டு, தேடும் குழுவோடு மலைப்பாதையில் ஏறினாள்.

அங்கே மலையேறப் போகிறவர்கள் நுழைவாயில் நோட்டில் பெயர் எழுத வேண்டும். இறங்கி வந்ததும் ‘திரும்பிய நேரம்’ எழுத வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு பெயருக்கு எதிரே அந்தக் கட்டம் காலியாக இருந்தது, போன் நம்பரும் இல்லை. வனக்காவலரான அவள் கணவர் அன்றே கொட்டுகிற மழையில் அந்த ஆளைத் தேடப் போய், பாறை வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தார். மனுஷன் அத்தோடு சரி.

இன்றுவரை அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். அவளுக்கோ உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது, கோபம்கூட வரவில்லை.

காணாமல் போனவன் பெயரைச் சொல்லி எல்லோரும் தொண்டை கிழியக் கூவினார்கள். ஒல்லியான ஓர் இளைஞன் மட்டும் வாயே திறக்கவில்லை. வழுக்கும் இடங்களில் அவளுக்குக் கை கொடுத்தபடி கூடவே நடந்தான். அவள் கணவர் இறந்த செய்தி கேட்ட மறுநாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் தேட வருகிறவனாம்.

ஓடைக்கரையில் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள்.

“இந்த நிலைமையில நீங்க எதுக்கு அக்கா வந்தீங்க?”

“அவன் உசுரோட கிடைச்சா போதும் தம்பி. என் பொண்ணுகிட்ட, ‘ஒரு உசுரைக் காப்பாத்தப் போய்தான் உங்கப்பா செத்தாரு’ன்னு சொல்லுவேன். அதுவும் இல்லைன்னா அவர் எதுக்குச் செத்தாருன்னு சொல்றது?”

அவன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

“கிடைச்சுட்டான்னே வெச்சுக்குங்க. அவனை என்ன பண்ணுவீங்க?”

“என்ன பண்ணப் போறேன்? அவனை உக்கார வெச்சு வாய்விட்டு அழுவேன். அப்பவாவது அழுகை வருதான்னு பார்க்கணும்.”

அவன் எழுந்து அவள் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தான்.

“அது நான்தான் அக்கா... அன்னிக்கு மழைக்கு முன்னாடியே இறங்கி, நோட்டுல எழுதாம வீட்டுக்குப் போயிட்டேன்.”