ரோட்டுப் பக்க ஜன்னல்

லாட்ஜ் அறையின் கதவைத் திறந்ததும் ஜன்னல் திரையை விலக்கினாள்.

கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சுவர். அதில் கழிவுநீர்க் குழாய்.

அவள் கேட்டது ரோட்டுப் பக்கம், மூன்றாவது மாடி, கடைசி ஜன்னல். அது வேண்டும் என்றுதான் முன்பணமும் கட்டியிருந்தாள். ஐந்து மணிக்கு அங்கே நிற்பதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினாள்.

வரவேற்பு மேஜைக்காரர் சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அந்த ரூம்ல பெயின்ட் அடிக்கிறாங்க மேடம். ரோட்டுப் பக்கம் எதுக்கு? எதிர்ல ஆஸ்பத்திரி, நாள் பூரா ஆம்புலன்ஸ் சத்தம். உங்க நல்லதுக்குத்தான் பின்பக்கம் குடுத்தேன்."

"எடுத்து வெச்சாச்சுன்னு நேத்து போன்ல சொன்னீங்களே?"

"அது வேற ஆளு மேடம்."

குரல் மட்டும் அதே குரல்.

பெயின்ட் என்றால் வாசனை படி வரைக்குமாவது வந்திருக்க வேண்டும். அவள் மூக்கில் ஏறியது ரூம் ஸ்ப்ரே மட்டும்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, காலை டிபன் இலவசம் என்று ஒரு கூப்பனை நீட்டினார்.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும். அவளுக்கு அந்த நாலு வார்த்தையும் எப்போதும் வாசலைத் தாண்டிய பிறகுதான் வரும்.

தாண்டினாள். வந்தன. கேட்க ஆளில்லை.

நடைபாதையில் நின்று கையை உயர்த்தினாள். ஒரு பஸ் வந்து மறைத்தது. பின்னாலேயே இன்னொன்று.

பஸ்கள் விலகியபோது, எதிரே ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் நர்ஸ் திரையை விலக்கிக்கொண்டிருந்தாள். குழந்தையின் அப்பாவைத் தவிர யாரையும் உள்ளே விடாத கண்ணாடி அறை.

முடியில்லாத ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது.

அவள் கையை வேகமாக ஆட்டினாள். போன் அடித்தது. கணவன்.

"பாத்துட்டா. நீ சொன்ன அதே மூணாவது மாடி, கடைசி ஜன்னல். அம்மா கையாட்டுறான்னு ஒரே குதி. இங்க வந்ததுலேர்ந்து இன்னிக்குத்தான் சிரிக்கிறா."

அவள் திரும்பி, அண்ணாந்து பார்த்தாள்.

பெயின்ட் அடிக்கும் அறையின் ஜன்னலில், ஈரத்தலையில் துண்டு சுற்றிய யாரோ ஒரு பெண் எதிர்ப்பக்கம் பார்த்து உற்சாகமாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நீதானே அது?" என்றான் கணவன்.

அவள் தன் கையை மெல்ல இறக்கினாள்.

"நான்தாங்க" என்றாள்.