யாரோ நினைக்கிறாங்க

என் கப்பில் தேநீர் விழுந்துகொண்டிருக்கும்போதே விசில் ஒலித்தது.

டீ கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையாக ஊற்றிவந்த அக்கா குழாயைச் சட்டென்று மூடிவிட்டு அப்படியே நின்றாள். துளை போடும் இயந்திரம் அடங்கியது. லாரிகள் அடங்கின. சுரங்கத்து வாசலில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

விசில் ஊதினால் யாரும் அசையக்கூடாது. சித்தப்பா காது கொடுக்கிற நேரம் அது.

தரையில் போட்ட துளை வழியாக ஒரு மைக்கைக் கீழே இறக்கியிருந்தார்கள். சித்தப்பா ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கீழே, மண் சரிந்த இடத்துக்கு அப்பால் எங்கோ, அவருடைய அண்ணன் இருந்தார். என் அப்பா. கூடவே தண்ணீர் இறைக்கிற பம்ப் மாமா.

சரிந்தபோது இரண்டு பேரும் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று யாருக்கும் தெரியாது. இதுதான் கடைசித் தடவை. இப்போதும் சத்தம் இல்லையென்றால் இந்த இடத்தை விட்டுவிட்டு மேற்கே போய்த் துளை போடுவோம் என்று எஞ்சினியர் சொல்லிவிட்டார். இருப்பது ஒரே இயந்திரம். போனால் திரும்பி வராது.

அவரைத் திட்டவும் முடியவில்லை. அவரும் எங்களைப் போலத்தான் தூங்காமல் கிடந்தார்.

நான் சித்தப்பாவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது கேட்டால் அந்தக் கை மேலே போகும்.

கை முழங்காலில் செத்த மாதிரிக் கிடந்தது.

என் கப்பிலிருந்து ஆவி எழுவதுகூடச் சத்தம்போல இருந்தது.

அப்போது அம்மாவுக்குப் புரை ஏறியது.

லேசாக இல்லை. கண் பிதுங்கி, முதுகு வளைந்து, குடலே வெளியே வந்துவிடும்போல இருமினாள். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த எவர்சில்வர் டம்ளர் மடியிலிருந்து விழுந்து உருண்டது.

எஞ்சினியர் பல்லைக் கடித்தார். நான் ஓடிப்போய் டம்ளரைப் பொறுக்கினேன். பம்ப் மாமாவின் மனைவி பக்கத்திலேயே இருந்தாள். அம்மாவின் உச்சந்தலையில் தட்டினாள். பழக்கதோஷம், வாயிலும் வந்துவிட்டது.

"யாரோ நினைக்கிறாங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் இது ஒரு வேடிக்கை. அம்மாவுக்குப் புரை ஏறினால் அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்: "நான் இங்கதானே உக்காந்திருக்கேன், வேற எவன்டி அது?" சித்தப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "தண்ணி வழி மாறிப் போகுது அண்ணி. தொண்டை என்ன தபாலாபீசா?"

அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். இருமல் நின்றது.

"அண்ணி, இருமாதீங்க" என்றார் சித்தப்பா. திரும்பவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.

யாரும் மூச்சு விடவில்லை.

"அண்ணி, சொன்னா கேளுங்க. கொஞ்சம் அடக்கிக்குங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். அத்தனை பேரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு சத்தமும் இல்லை.

சித்தப்பா எரிச்சலோடு திரும்பினார். திட்டத்தான் வாயைத் திறந்திருப்பார்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

முந்தானை அடைத்திருந்த அம்மாவின் வாயைப் பார்த்தார். இரண்டு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்தினார். மறுபடி அம்மாவைப் பார்த்தார்.

பிறகு அவருடைய வலது கை, அவருடையதே அல்லாததுபோல, மெல்ல மெல்ல மேலே எழுந்தது.

எஞ்சினியர் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். இயந்திரம் இருந்த இடத்திலேயே மறுபடி உறுமத் தொடங்கியது.

மறுநாள் காலையில் இருவரையும் மேலே எடுத்தார்கள்.

வெளிச்சம் படாமல் அப்பாவின் கண்களைக் கட்டியிருந்தார்கள். அம்மாவின் கையைத் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். குரல் காற்றாக வந்தது.

"கத்திக் கத்தித் தொண்டை போச்சு. தட்டக் கை எழும்பல. அவ்வளவுதான்னு படுத்துட்டோம். பாறையில கசிஞ்ச தண்ணிய நக்கினேன்டி, புரை ஏறிடுச்சு. அப்படி ஒரு இருமல். இவன் என் தலையில தட்டிக்கிட்டே சொல்றான், யாரோ நினைக்கிறாங்களாம். யாரோவாம்!"

பக்கத்து ஸ்ட்ரெச்சரில் பம்ப் மாமா சிரிக்க முயன்றார்.

அந்தச் சத்தம்தான் மைக்கில் விழுந்திருக்கிறது. கத்தலும் தட்டலும் போன பிறகு அப்பாவிடம் மிச்சமிருந்த ஒரே சத்தம்.

சித்தப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் விளக்கினார். யாரும் கேட்காமலேயே விளக்கினார். "கீழ தூசி, ஈரம், யாருக்குத்தான் இருமல் வராது? மேல அண்ணி பதற்றத்துல டீயை மடமடன்னு குடிச்சாங்க, புரை ஏறுச்சு. ரெண்டும் ஒண்ணா நடந்துபோச்சு. தற்செயல்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

அப்போது கேன் அக்கா வந்தாள்.

"டம்ளரை நீட்டுங்கக்கா, இன்னைக்காவது குடிங்க. நேத்து பொண்ணுக்கு ஊத்திட்டு உங்களுக்கு ஊத்த வர்றேன், அந்த விசில் வந்துடுச்சு. ஊத்தாமலே நின்னுட்டேன்."

நேற்று டம்ளர் உருண்ட இடத்தில் ஒரு சொட்டும் சிந்தியிருக்கவில்லை, மண் வெளுத்துக் காய்ந்துதான் கிடந்தது. நான்தானே குனிந்து பொறுக்கினேன்.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. டம்ளரை நீட்டினாள்.