மெட்ராஸ் ஒத்திகை

“நான் கோயமுத்தூருங்க. மெட்ராஸுக்கு இதுதான் முதல் தடவைங்க,” என்றார் வேதசிரோமணி, கொஞ்சமும் கூசாமல். ஊர் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் கைடு ஒவ்வொருவரிடமும் சொந்த ஊரைக் கேட்டுக்கொண்டு வந்தான்.

உண்மையில் அவர் அன்று காலை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி வந்தவர். கல்யாணமான நாளிலிருந்து தாம்பரத்தில் வீடு, பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஆபீஸ். இரண்டுக்கும் நடுவே மெட்ராஸ் என்று ஒன்று இருப்பதை அவர் ரயில் ஜன்னல் வழியாகத்தான் அறிவார், அதுவும் உட்கார இடம் கிடைத்த நாட்களில்.

வினை அவர் பேனாவிலிருந்து வந்தது. மகள் ஜெயசீலிக்குத் தெற்கே நாசரேத்தில் ஒரு வரன் அமைந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் அத்தையும் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நிச்சயம் பேசத் தானே வருவதாக எழுதியிருந்தார் பையனின் அப்பா சத்தியநாதன், ரிட்டையர்ட் ஹெட்மாஸ்டர்.

பதில் எழுத உட்கார்ந்த வேதசிரோமணிக்குக் கை சும்மா இருக்கவில்லை. ‘அவசியம் வாருங்கள். மெட்ராஸின் சரித்திரம் முழுவதையும் நானே சுற்றிக் காட்டுகிறேன். இங்கே எனக்கு ஒவ்வொரு கல்லும் பரிச்சயம்’ என்று எழுதிப் போட்டுவிட்டார்.

உடனே பதில் வந்தது. ‘மெத்த மகிழ்ச்சி. கல்லூரி நாட்களில் நானும் அங்கே சுற்றாத இடமில்லை. சேர்ந்தே பார்ப்போம்.’

“பொய் பேசறவங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாதாம். பையனோட அம்மா சொன்னாங்க,” என்றாள் மனைவி ரத்தினபாய். “உங்களுக்கு மியூசியம் எந்தப் பக்கம்னாவது தெரியுமா?”

“எல்லாம் தெரியும்,” என்றார் வேதசிரோமணி. அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. சம்பந்தி வருவதற்கு முந்தின நாள், ஆபீஸில் காய்ச்சல் என்றும் வீட்டில் ஆபீஸ் என்றும் சொல்லிவிட்டு இந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

“இங்ஙன ஆள் வருதா?” என்று கேட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவருக்குத் தலை முழுக்க நரை. கைடு கேட்டபோது, “சேலம்” என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

சேலத்தில் இப்படியா பேசுவார்கள் என்று வேதசிரோமணிக்கு ஒரு கணம் தோன்றியது. கேட்கத்தான் பயம். பதிலுக்கு அவர் கோயமுத்தூரைப் பற்றி ஏதாவது கேட்டுவிட்டால் எங்கே போவது?

பஸ் கடற்கரைச் சாலையில் திரும்பியது. “இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்க. நல்லாப் பாத்துக்கங்க,” என்றான் கைடு. எல்லோருடனும் சேர்ந்து வேதசிரோமணி தன் ஆபீஸை அண்ணாந்து பார்த்தார். வாசலில் பியூன் பொன்னுசாமி பீடி பிடித்துக்கொண்டு நின்றான்.

வேதசிரோமணி சட்டென்று சீட்டுக்கடியில் குனிந்தார்.

“ஏதும் விழுந்துட்டா?” என்றார் சேலத்துக்காரர்.

“செருப்பு வார் அறுந்துடுச்சுங்க,” என்றார் கீழேயிருந்து.

கோட்டைக்குள் ஒரு சர்ச். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கூரை கட்டியிருப்பதாகக் கைடு சொன்னான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் வேதசிரோமணிக்கு, ஆபீஸுக்கு அவ்வளவு பக்கத்தில் இப்படி ஒன்று இருப்பது அன்றுதான் தெரிந்தது. ‘குண்டு விழுந்தாலும் தாங்கும்’ என்று மனப்பாடம் செய்துகொண்டார். பக்கத்தில் சேலத்துக்காரரின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன.

மியூசியத்தில் திமிங்கல எலும்பு, சாந்தோம், மயிலாப்பூர்க் குளம் என்று வெயிலில் இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். மத்தியானம் இருவருக்கும் ஒரே மரத்தடி நிழல். அவர் கொண்டுவந்த முறுக்கை இவர் தின்றார். இவர் பிளாஸ்க் காப்பியை அவர் குடித்தார். இப்படி ஒரு மனிதர் சம்பந்தியாக வாய்த்தால் தேவலையே, அந்த ஹெட்மாஸ்டர் எப்படிப்பட்டவரோ என்று வேதசிரோமணி பெருமூச்சு விட்டார்.

பிரியும்போது விலாசம் கேட்டுவிடுவாரோ என்று நடுங்கினார். நல்லவேளை, அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலை தாம்பரம் ஸ்டேஷனில் மனைவி, மகளோடு காத்திருந்தார். தெற்கிலிருந்து எக்ஸ்பிரஸ் வந்து நின்றது, போனது. சம்பந்தி இறங்கவில்லை. “மனசு மாறிட்டாரோ,” என்றாள் ரத்தினபாய். ஜெயசீலி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது எதிர்ப்பக்கம் எழும்பூரிலிருந்து மின்சார ரயில் வந்தது. பெட்டியும் கையுமாக இறங்கிய ஒருவர் நேரே மகளிடம் வந்தார். “ஜெயசீலிதானம்மா? போட்டோவுல பாத்த மாதிரியே இருக்கே. நான் சத்தியநாதன்.”

பிறகுதான் அவர் நிமிர்ந்து பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். நேற்று வேதசிரோமணிக்கு முறுக்குக் கொடுத்த அதே நரைத்த தலை. குனிந்து ஒளிய இங்கே சீட்டும் இல்லை.

“வாங்கண்ணா,” என்றாள் ரத்தினபாய், ஒன்றும் அறியாமல். “உங்களுக்கு மெட்ராஸ் பூராவும் சுத்திக் காட்டணும்னு இவர் தயாரா இருக்கார்.”

ஹெட்மாஸ்டர் சம்பந்தியின் தோளில் கை போட்டு, காதருகே குனிந்தார்.

“இன்னிக்கு வீட்டுக்கே போயிருவோம் சம்பந்தி, எனக்குக் கால் வலிக்கி.”